ஒருமுறை மட்டுமே வீசலாம்

ஒசாகாவில் 2019 ஜூன் 29 அன்று ஜி-20 நாடுகளின் மாநாடு முடிந்தபோது வெளியான பிரகடனத்தில், சுதந்திரமான, நியாயமான, பாரபட்சமற்ற வர்த்தகத்துக்குப் பாடுபடுவோம் என்ற உறுதி இருந்தது. மாநாட்டை நடத்திய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே பல தலைவர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார். பக்கத்து நாடான தென் கொரியாவின் அதிபர் மூன் ஜே-இன்னுக்குக் கிடைத்தது சில விநாடிக் கைகுலுக்கல் மட்டும். இரண்டே நாள் கழித்து, ஜூலை 1 திங்கட்கிழமை, ஜப்பானின் பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மூன்று ரசாயனப் பொருள்களைத் தென் கொரியாவுக்கு அனுப்ப இனி ஒவ்வொரு முறையும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 90 நாள் வரை ஆகலாம். அதுவரை மொத்தமாக ஒருமுறை அனுமதி வாங்கினால் மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லாமல் இருந்தது. புதிய விதி ஜூலை 4 முதல் அமலுக்கு வந்தது.

தடை என்ற சொல் அறிவிப்பில் எங்கும் இல்லை. இது வெறும் நிர்வாக நடைமுறை என்றது டோக்கியோ. அதை சோலில் யாரும் நம்பவில்லை. டோக்கியோவிலும் எத்தனை பேர் நம்பினார்கள் என்பது கேள்விதான்.

மூன்று பொருள்களையும் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது. முதலாவது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. கண்ணாடியையே அரிக்கும் கொடிய ரசாயனம். சிப் தயாரிப்பில் சிலிக்கான் தகட்டைத் தேவையான இடத்தில் அரிக்கவும் கழுவவும் இது வேண்டும். அதிலும் சாதாரண ரகம் உதவாது. ஜப்பானிய நிறுவனங்கள் 99-க்குப் பிறகு புள்ளி வைத்து இன்னும் பத்து ஒன்பதுகள் போடும் அளவுக்குச் சுத்தமாகத் தயாரித்தன. இரண்டாவது போட்டோரெசிஸ்ட். பழைய காலத்து போட்டோ பிலிமின் மேல் ஒளி பட்டால் மாறும் பூச்சு ஒன்று இருக்குமே, ஏறக்குறைய அதன் வேலைதான் இதற்கும். சிப்பின் மின்சுற்றுகள் இந்தப் பூச்சின் மேல்தான் ஒளியால் வரையப்படுகின்றன. மூன்றாவது ஃப்ளோரினேற்றிய பாலிமைடு, மடக்கக்கூடிய போன் திரைகளுக்கான பொருள். உலகத் தேவையில் போட்டோரெசிஸ்ட்டும் பாலிமைடும் சுமார் 90 சதவீதமும், உயர்ரக ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சுமார் 70 சதவீதமும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்ததாக அப்போது கணக்கிட்டார்கள்.

பணமாகப் பார்த்தால் இவை அற்பம். 2018-ல் தென் கொரியா ஜப்பானிலிருந்து வாங்கிய ஹைட்ரஜன் ஃப்ளோரைடின் மதிப்பு ஏழு கோடி டாலருக்கும் குறைவு. அதே ஆண்டில் அந்த நாடு ஏற்றுமதி செய்த செமிகண்டக்டர்களின் மதிப்பு 12,600 கோடி டாலருக்கும் மேல். பெரிய தேரை நிறுத்தச் சின்னக் கட்டை போதும் என்பது ஊரில் தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தேரோ கொரியாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் வேண்டிய டிராம் நினைவகச் சிப்புகளில் பத்தில் ஏழு பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் என்ற இரண்டு கொரிய நிறுவனங்களுடையவை. ஓராண்டுக்கு முன்புதான், 2018 ஜூலை 9 அன்று, நொய்டாவில் சாம்சங்கின் விரிவுபடுத்தப்பட்ட போன் ஆலையைப் பிரதமர் மோடியும் அதிபர் மூனும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். இருவரும் மெட்ரோ ரயிலில் ஏறிப்போனதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஆண்டுக்கு 12 கோடி போன்கள் தயாரிப்பது இலக்கு என்றார்கள். ஒசாகாவில் ஓர் அமில ஆலையின் ஏற்றுமதி விண்ணப்பம் ஒரு குமாஸ்தாவின் மேஜையில் தங்கினால் நொய்டாவில் வேலை தடைப்படலாம் என்ற நிலை. அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஜூலை மாத இறுதிக்குள் அமெரிக்க செமிகண்டக்டர் தொழில் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் இரு நாட்டு அமைச்சர்களுக்கும் கடிதம் எழுதின: சண்டையைப் பெரிதாக்காதீர்கள், எல்லோருக்கும் நஷ்டம்.

சண்டைக்குக் காரணம் சிப்பும் அல்ல, ரசாயனமும் அல்ல. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. போர்க்காலத்தில் கொரிய இளைஞர்களை ஜப்பானியச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அவர்களில் லீ சுன்-ஷிக் என்பவர் பதின்ம வயதில் கமாய்ஷி உருக்காலைக்குப் போனார். கூலி கைக்கு வரவில்லை. அவரும் மற்ற மூவரும் 2005-ல் சோல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பதின்மூன்று ஆண்டு இழுத்தடிப்புக்குப் பின் 2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், நிப்பான் ஸ்டீல் நிறுவனம் தலைக்குப் பத்துக் கோடி வோன் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 65 லட்சம் ரூபாய். தீர்ப்பைக் கேட்க நால்வரில் மிச்சமிருந்தவர் 94 வயது லீ மட்டுமே.

ஜப்பானின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 1965-ல் இரு நாடுகளும் உறவை மீட்டுக்கொண்டபோது ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது. கோரிக்கைகள் எல்லாம் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிட்டன என்று அந்த உடன்பாடு சொல்கிறது. பணத்தை வாங்கிய பார்க் சுங்-ஹீயின் அரசு அதைத் தொழிலாளிகளிடம் பெரிதாகக் கொண்டு சேர்க்கவில்லை. நாட்டைக் கட்டப் பயன்படுத்தியது. அதில் ஒரு பகுதி போஹாங் உருக்காலைக்குப் போனது. அதுதான் பின்னாளில் போஸ்கோ என்ற பெயரில் உலகின் பெரிய எஃகு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. நாடுகள் தங்களுக்குள் கணக்கு முடித்துக்கொண்டால் தனிமனிதனின் வழக்கும் முடிந்துவிடுமா என்பதே வழக்கின் சாரம். முடியாது என்றது கொரிய நீதிமன்றம். சர்வதேசச் சட்டத்தை மீறிய தீர்ப்பு என்றது ஜப்பான்.

இது நடுவர்களும் ராஜதந்திரிகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் அபேயின் அரசு ரசாயனத்தைக் கையிலெடுத்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குச் சொன்ன காரணங்களும் நாளுக்கு நாள் மாறின. முதலில் நம்பிக்கை குலைந்துவிட்டது என்றார்கள். பிறகு, கொரியாவுக்குப் போகும் ஆபத்தான பொருள்களைக் கண்காணிக்க அங்கே போதிய ஏற்பாடு இல்லை என்றார்கள். அவை வட கொரியாவுக்குக் கடத்தப்படலாம் என்ற கிசுகிசுவும் கிளம்பியது. சோல் அதைத் திட்டவட்டமாக மறுத்தது. தொழில் அமைச்சர் ஹிரோஷிகே செகோவோ, போர்க்காலத் தொழிலாளர் பிரச்னைக்கு ஜி-20 மாநாட்டுக்குள் கொரியா திருப்தியான தீர்வு எதையும் தரவில்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லிவிட்டார். பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

ஆகஸ்டில் சண்டை முற்றியது. நம்பகமான வர்த்தகக் கூட்டாளிகள் என்று ஜப்பான் சலுகை கொடுத்திருந்த ‘வெள்ளைப் பட்டியலில்’ இருந்த ஒரே ஆசிய நாடு தென் கொரியா. அதன் பெயரை அடிக்க அமைச்சரவை முடிவு செய்தது. ஆகஸ்ட் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கொரியா தன் பட்டியலிலிருந்து ஜப்பானை நீக்கியது, உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது, ராணுவ உளவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. வட கொரியா ஏவுகணைச் சோதனைகள் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் இது. வாஷிங்டன் பதறியது. ஒப்பந்தம் காலாவதியாகச் சில மணி நேரம் இருந்தபோது, நவம்பர் 22 அன்று, சோல் பின்வாங்கியது.

தெருவில் சண்டை வேறு விதமாக நடந்தது. ‘போகவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம்’ என்று கொரியர்கள் கிளம்பினார்கள். அக்டோபர் மாதத்தில் கொரியாவுக்கு ஜப்பான் ஏற்றுமதி செய்த பீரின் அளவு பூஜ்யம். ஜப்பானுக்குப் போன கொரியர்கள் 2018-ல் 75 லட்சம் பேர். 2019-ல் 56 லட்சம். பூசான் துறைமுகத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஜப்பானியத் தீவு சுஷிமா. அங்கே விடுதிகளும் கடைகளும் கொரியப் பயணிகளை நம்பியே பிழைத்தன. தீர்ப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, சிப்புக்கும் சம்பந்தமில்லை. படகுகள் காலியாக வந்தன. நிஸான் 2020 இறுதியோடு கொரியச் சந்தையைவிட்டு வெளியேறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் புறக்கணிப்பு கடைசித் தள்ளலாக அமைந்தது.

சரி, சிப் ஆலைகள் என்ன ஆயின? இங்கேதான் கதை டோக்கியோ எழுதியபடி போகவில்லை. ஆலைகள் நிற்கவில்லை. சாம்சங் துணைத் தலைவர் லீ ஜே-யோங் ஜூலை 7 அன்றே டோக்கியோவுக்குப் பறந்தார். கம்பெனிகள் கையிருப்பை எண்ணின. உடனடிச் சந்தையில் நினைவகச் சிப் விலை சில வாரம் ஏறிப் பிறகு இறங்கியது. ஜப்பானும் குரல்வளையை முழுதாக நெரிக்கவில்லை. ஆகஸ்டில் போட்டோரெசிஸ்ட்டுக்கு முதல் அனுமதி கொடுத்தது, மற்றவற்றுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தது. ஆனால் அனுமதி எப்போது வரும், வராமலே போகுமா என்று தெரியாத நிலையே போதும். ஆயிரக்கணக்கான கோடி முதலீடு செய்திருக்கும் எந்த முதலாளியும் பக்கத்து நாட்டு அமைச்சரின் மனநிலையை நம்பித் தூங்கமாட்டார்.

கொரியா ஏன் அதுவரை இந்த ரசாயனங்களைத் தானே தயாரிக்கவில்லை? அறிவு போதாமல் அல்ல. ஜப்பானியச் சரக்கு தரமானது, நேரத்துக்கு வந்தது, கப்பலில் ஓரிரு நாள் தூரம். புதிதாக ஒருவர் தயாரித்துக்கொண்டு வந்தாலும் சிப் கம்பெனிகள் அதைச் சோதித்துப் பார்க்கக்கூட ஆர்வம் காட்டவில்லை. ரசாயனத்தில் துளி மாசு இருந்தாலும் ஒரு தொகுதித் தகடுகள் முழுவதும் குப்பைக்குப் போகும். யார் அந்த ஆபத்தை ஏற்பார்கள்? இன்னொரு காரணம் கசப்பானது. 2012 செப்டம்பரில் குமி நகரில் ஓர் ஆலையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள். சுற்றிலும் பயிர்கள் கருகின. அதன் பிறகு ரசாயனச் சட்டங்கள் கடுமையாயின. உள்ளூரில் அப்படி ஓர் ஆலை வர வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை. அந்த ஆபத்தை ஜப்பான் சுமந்துகொண்டிருந்தது, கொரியா சௌகரியமாக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 2019 அந்தச் சௌகரியத்தை முடித்துவைத்தது. ஆகஸ்ட் 5 அன்று கொரிய அரசு நூறு முக்கியப் பொருள்களில் ஐந்தாண்டுக்குள் சொந்தக் காலில் நிற்கும் திட்டத்தை அறிவித்தது. ஆராய்ச்சிக்கு மட்டும் ஏழு ஆண்டுகளில் 7.8 லட்சம் கோடி வோன். இந்த ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு வாரம் 52 மணி நேர வேலை வரம்பு தளர்த்தப்பட்டது. கச்சாப்பொருள், உதிரிபாகம், இயந்திரம் மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்த ‘சோபுஜாங்’ என்ற சொல் பத்திரிகைகளில் தினசரி அடிபட்டது. கோங்ஜூ நகரில் சோல்பிரெய்ன் நிறுவனம் திரவ ரகத்தின் உற்பத்தியைப் பெருக்கியது. எஸ்.கே. மெட்டீரியல்ஸ் 2020 ஜூனில் வாயு ரகத்தைத் தயாரிக்க ஆரம்பித்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொரியாவிலேயே போட்டோரெசிஸ்ட் தயாரிக்க 2.8 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. ஜப்பானிலிருந்து கொரியா வாங்கிய ஹைட்ரஜன் ஃப்ளோரைடின் மதிப்பு 2020-ல் ஒரு கோடி டாலருக்கும் கீழே போனது. இரண்டு ஆண்டில் ஏழில் ஒரு பங்கு!

போட்டோரெசிஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. கொரியாவுக்கு பெல்ஜியத்திலிருந்து அது வர ஆரம்பித்தது. அங்கே தயாரித்தது யார்? ஜப்பானிய ஜே.எஸ்.ஆர். நிறுவனம் பெல்ஜிய ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து நடத்தும் கம்பெனி. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ ஓகா, கொரியாவின் இஞ்சியோனில் இருந்த தன் ஆலையை விரிவுபடுத்தியது. அரசு முன்வாசலைச் சாத்திக்கொண்டிருக்க, வியாபாரிகள் கொல்லைப்புறமாக வாடிக்கையாளரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போக வசதியில்லாத நடுத்தரக் கம்பெனிகள்தான் மாட்டிக்கொண்டன. ஒசாகா பகுதியில் தலைமுறைகளாக ஃப்ளோரின் தொழில் செய்யும் ஸ்டெல்லா கெமிஃபா, மொரிட்டா கெமிக்கல் ஆகியவை கொரிய வியாபாரத்தில் பெரும் பகுதியை இழந்தன. வாடிக்கையாளர் அவர்கள்மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை. தரம் குறைந்தும் போகவில்லை, விலை கூடியும் போகவில்லை; அவர்களுடைய அரசே அவர்களை நம்பமுடியாத சப்ளையர்களாக ஆக்கிவிட்டது.

இதனால் கொரியா முழுச் சுதந்திரம் அடைந்துவிட்டது என்று சொல்வதும் மிகை. உயர்ரகப் போட்டோரெசிஸ்ட்டிலும் சிப் தயாரிப்பு இயந்திரங்களிலும் ஜப்பானின் கை இன்னும் மேலே. சொந்தமாகத் தயாரிக்க ஆன செலவில் எவ்வளவோ சரக்கை ஜப்பானில் வாங்கியிருக்கலாம். உலக அளவில் பார்த்தால் இதுதான் நிஜ நஷ்டம்: ஓர் இடத்தில் நன்றாக நடந்த வேலையை, பயத்தின் காரணமாக மூன்று இடத்தில் செய்ய வேண்டியதாகிறது. அந்தக் கூடுதல் செலவு போன் வாங்குகிறவரின் பில்லில் தனி வரியாக வருவதில்லை. அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

மகாபாரதத்தில் இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அர்ஜுனனுக்கென்று வைத்திருந்ததை அவன் கடோத்கஜன்மேல் வீச நேர்ந்தது. அது கையில் இருக்கும் வரை கண்ணனுக்கே கவலை. வீசிய பிறகு பாண்டவர் பக்கம் நிம்மதி. ஜப்பான் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த இப்படி ஓர் ஆயுதத்தை ஒரு நீதிமன்றத் தீர்ப்பின்மேல் வீசியது.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் பாடம் ஜப்பானுக்குத் தெரியாததல்ல. 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகின் கேப்டனை ஜப்பான் கைது செய்தபோது, சீனாவிலிருந்து அரிய மண் தனிமங்கள் வருவது சுமார் இரண்டு மாதம் தடைப்பட்டது. மோட்டார்களின் காந்தத்துக்கு அவை உயிர்நாடி. உலக உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் அப்போது சீனாவிடம். கேப்டனை விடுவித்த ஜப்பான், கையோடு வேறு வழியும் தேடியது. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 2011-ல் 25 கோடி டாலர் கொடுத்தது. இந்தியாவின் அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லோடும் உடன்பாடு கண்டது. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரித்தெடுக்கும் நிறுவனம்தான் அது. பத்தாண்டில் ஜப்பானின் சீனச் சார்பு 90 சதவீதத்திலிருந்து 60 சதவீத அளவுக்கு இறங்கியது. அடிபட்டவர் எப்படி மாறுவார் என்பதற்கு ஜப்பானே சாட்சி. ஒன்பது ஆண்டு கழித்து அதே அடியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தது.

அறுபது சதவீதமும் அதிகம்தான் என்பது 2025-ல் தெரிந்தது. அமெரிக்க வரிகளுக்குப் பதிலடியாக ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஜப்பானில் சுசூகி நிறுவனம் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தியது. இந்திய வாகனக் கம்பெனிகள் காந்தத்துக்காக பெய்ஜிங்கின் அனுமதிச் சீட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

இந்தியா இதில் எப்போதும் பாதிக்கப்பட்ட கட்சி என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பான் ரசாயனத்தைப் பிடித்துவைத்த அதே 2019-ல், செப்டம்பர் 29 அன்று, உள்ளூர் விலை ஏறியதென்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. முன்னறிவிப்பு கிடையாது. டெல்லிக்கு வந்திருந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தன் சமையற்காரரிடம் சொல்லிவிட்டதாக மேடையிலேயே வேடிக்கையாகச் சொன்னார். சபை சிரித்தது. நவம்பரில் டாக்காவில் வெங்காயம் கிலோ 200 டாக்காவைத் தாண்டியபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை. விமானத்தில் வெங்காயம் இறக்கினார்கள். எகிப்து, துருக்கி, மியான்மர் என்று வேறு கடைகளைத் தேடினார்கள், சொந்தச் சாகுபடியையும் கூட்டினார்கள். 2020-லும் 2023-லும் இந்தியா மறுபடி தடை போட்டது. தடை விலகியபின் பழைய வாடிக்கையாளரைத் தேடிப் போகும் வேலை நாசிக் விவசாயியின் தலையில்.

ஜப்பான், கொரியா விவகாரம் 2023 மார்ச்சில் சமரசமானது. ஆட்சிகள் மாறியிருந்தன. புதிய அதிபர் யூன் சுக்-யோல், நஷ்டஈட்டை ஜப்பானியக் கம்பெனிகள் தர வேண்டாம், கொரிய அறக்கட்டளை ஒன்றே கொடுக்கும் என்று மார்ச் 6 அன்று அறிவிக்கச் செய்தார். பத்து நாளில் டோக்கியோவுக்குப் போய்ப் பிரதமர் கிஷிதாவைச் சந்தித்தார். மார்ச் 23 அன்று மூன்று ரசாயனங்களுக்கான கட்டுப்பாடு நீங்கியது, உலக வர்த்தக அமைப்பில் கொடுத்த புகாரும் வாபஸ் ஆனது. ஜூலையில் வெள்ளைப் பட்டியலில் கொரியாவின் பெயர் திரும்ப ஏறியது.

அறக்கட்டளைக்கு முதலில் பணம் போட்டவர்களில் ஒருவர் போஸ்கோ: 400 கோடி வோன். 1965-ல் தொழிலாளிகளின் பெயரால் வந்த பணத்தில் எழுந்த ஆலை. நிப்பான் ஸ்டீல் பணம் தரவில்லை. கமாய்ஷியில் கூலி வாங்காமல் வேலை செய்த லீ சுன்-ஷிக், ஜப்பானியக் கம்பெனி தராத பணம் தேவையில்லை என்று தொடக்கத்தில் மறுத்துவிட்டார். 2024 அக்டோபர் 30 அன்று, தீர்ப்பு வந்து சரியாக ஆறாவது ஆண்டில், அறக்கட்டளையின் பணம் அவர் பெயரில் பெறப்பட்டது. அதை அவர் குடும்பத்தில் எல்லோரும் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் அவர் இறந்தார். வயது 101.